பரம்பரை இதயத்தசை நோயும் விடுபட்ட 25 எழுத்துகளும்

கோலாலம்பூரின் செந்தூலில் எனக்கு நன்கு பழக்கமான ஒரு குடும்பத்தில், 34 வயது இளைஞர் ஒருவருக்கு இதயத்தசைத் தடிப்பு நோய் இருப்பது தெரியவந்தபோது, அடுத்த முறை வருகையில் பாட்டியையும் அழைத்து வரும்படி மருத்துவர் சொன்னார். பாட்டிக்கு 78 வயது. கைத்தடி ஊன்றி வந்து உட்கார்ந்தவரிடம் மருத்துவர் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உறவுகளை ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு.

“எங்க அப்பா பால்மரம் சீவப் போன எடத்துலயே விழுந்துட்டாருங்க, டாக்டர். முனி அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க” என்றார் பாட்டி.

“அப்ப அவருக்கு என்ன வயசு இருக்கும், பாட்டி?”

“நாப்பதுகூட ஆகலைங்க.”

அடுத்து பாட்டியின் தம்பி, தோட்டத்துத் திடலில் பந்து விளையாடிவிட்டு வந்து தண்ணீர் குடித்தவர், 19 வயதில் அப்படியே சாய்ந்தவர். அதற்கடுத்து பாட்டியின் இளைய மகன், அதாவது நோயாளியின் சித்தப்பா, 46 வயதில் குளியலறையில் இறந்தவர். சான்றிதழில் மாரடைப்பு என்று இருந்தது. கால் மணி நேரத்தில் அந்தத் தாளில் மூன்று குறுக்குக்கோடுகள் விழுந்துவிட்டன. மூன்று மரணங்களுக்கும் குடும்பத்தார் மூன்று வெவ்வேறு காரணங்களைச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த மூன்றும் ஒரே நோயாக இருந்திருக்கக்கூடும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை.

இதயத்தின் தசைச்சுவரே பழுதாகும் நோய்களைப் பொதுவாகக் கார்டியோமயோபதி என்கிறார்கள். மாரடைப்பு அப்படிப்பட்டதன்று. அதில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபடுகிறது. தசை பட்டினியால் சாகிறது. இதயத்தசை நோயிலோ குழாய்கள் சுத்தமாகவே இருக்கலாம். தசையின் கட்டுமானத்திலேயே பிழை. அவற்றுள் மிகப் பரவலாகப் பரம்பரையில் வருவது தடிப்பு நோய். இடது கீழறையின் சுவர் சாதாரணமாக 12 மில்லிமீட்டருக்கு மேற்படாது. வேறு காரணம் இல்லாமல் அது 15 மில்லிமீட்டரையோ அதற்கு மேலோ எட்டினால் நோய் என்று கொள்கிறார்கள். நோயாளியின் நெருங்கிய உறவினராக இருந்தால் 13 மில்லிமீட்டரே போதும். தடித்த சுவர் முழுமையாகத் தளர்வதில்லை. சிலருக்கு அது ரத்தம் வெளியேறும் வழியையும் குறுக்கிவிடுகிறது. தசையிழைகள் வரிசை குலைந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், இதயத்தின் மின்னோட்டம் தடுமாறி, எந்த முன்னறிவிப்பும் இன்றித் துடிப்பு சிதறிப்போகக்கூடும்.

இந்நோயை நவீன மருத்துவத்துக்கு அடையாளம் காட்டியவர் பிரேதப் பரிசோதனை மருத்துவர் ஒருவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். லண்டனில் டொனால்ட் டியர் என்பவர், பெரும்பாலும் திடீரென இறந்துபோன இளம் வயதினர் 8 பேரின் இதயங்களில் சுவர் ஒரு பக்கமாகத் தடித்திருந்ததை 1958இல் எழுதினார். நெடுங்காலம் வரை மருத்துவம் இந்நோயை இறந்தவர்களிடம்தான் அதிகம் சந்தித்தது. பந்து விளையாட்டை விடாமல் பார்க்கும் நம்மவர்களுக்கு மார்க் விவியன் ஃபோவே நினைவிருப்பார். 2003 ஜூனில் பிரான்சின் லியோன் திடலில் ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்த கேமரூன் ஆட்டக்காரர் அவர். அவருடைய இதயத்திலும் இத்தடிப்புதான் இருந்தது என்று பிரேதப் பரிசோதனை காட்டியது. நோய் அப்படியொன்றும் அரிதன்று. அமெரிக்காவில் இளம் பெரியவர்களிடையே எக்கோ என்னும் ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்து 1995இல் வெளியான கணக்கின்படி, ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர்.

பரம்பரைக்கு வருவோம். தாய் தந்தையரில் ஒருவரிடம் பழுதான மரபணு இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது போய்ச்சேரும் வாய்ப்பு சரிபாதி. ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆனால் மரபணு வந்தவர் எல்லாரும் நோயாளி ஆவதில்லை. ஆகிறவர்களும் ஒரே வயதில், ஒரே அளவில் ஆவதில்லை. பாட்டியின் தம்பி 19இல் போனார். பாட்டியோ 78 வயதிலும் நடமாடுகிறார். இந்த ஏற்றத்தாழ்வுதான் குடும்பங்களை ஏமாற்றிவிடுகிறது. ஒரு தலைமுறையில் ஒன்றும் தெரியாமல் போனால், அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட்டதாக எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

மரபணு எது என்பது 1990இல்தான் தெரிந்தது. அமெரிக்காவில் கிறிஸ்டின் சைட்மன், ஜோனதன் சைட்மன் இணையரின் குழு, கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பெரிய குடும்பம் ஒன்றில், இதயத்தசையின் மயோசின் புரதத்துக்கான மரபணுவின் வேதிக் குறியீட்டில் ஒற்றை எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தது. 1961லேயே மருத்துவ ஏடுகளில் விவரிக்கப்பட்டிருந்த குடும்பம் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ பொறுமையாக உட்கார்ந்து வரைந்து வைத்த உறவு வரைபடம்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது. 1995இல் இன்னொரு மரபணு சேர்ந்தது. மயோசினைப் பிணைக்கும் சி-புரதத்துக்கான மரபணு அது. இன்று பரம்பரைத் தடிப்பு நோயில் பிழை கண்டுபிடிக்கப்படும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இவ்விரண்டு மரபணுக்களே காரணம்.

சி-புரதம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது கடினமன்று. தசை சுருங்குவது, மயோசின் என்னும் தடித்த இழையின் தலைகள் ஆக்டின் என்னும் மெல்லிய இழையைப் பற்றி இழுப்பதால்தான். படகுப் போட்டியில் துடுப்புப் போடுகிறவர்களைப் போல அந்தத் தலைகள் முறைவைத்து இழுக்கின்றன. எல்லாத் தலைகளும் எப்போதும் வேலை செய்தால் இதயம் ஓய்வில்லாமல் இறுகிக் கிடக்கும். ஆகவே ஒரு பங்குத் தலைகளைப் பிடித்து உட்கார வைக்கக் கட்டுப்பாடு தேவை. அந்தக் கட்டுப்பாட்டில் சி-புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஓடும்போதோ பயப்படும்போதோ அட்ரினலின் வந்து அதன் பிடியைச் சற்றுத் தளர்த்துகிறது, இதயம் வேகமெடுக்கிறது. அந்தப் புரதம் குறைந்தாலோ கோணலாக உருவானாலோ பிடி நிரந்தரமாகத் தளர்ந்துவிடுகிறது. இதயம் தேவைக்கு மேல் இறுக்கமாகச் சுருங்குகிறது, முழுமையாகத் தளராமல் தவிக்கிறது. ஆண்டுகள் போகப்போகச் சுவர் தடிக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சி நம்மவர்களைத் தொடுகிறது. சி-புரத மரபணுவில் 25 எழுத்துகள் மொத்தமாக விடுபட்டுப் போயிருப்பது 2003இல் இந்தியக் குடும்பங்களில் கவனிக்கப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து இதைத் தொடர்ந்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் பல நாட்டுச் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. இந்தியத் துணைக்கண்ட வழியினரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இந்த விடுபடல் இருக்கிறது. இதயத்தசை நோயாளிகளிடம் அது காணப்படும் வாய்ப்பு மற்றவர்களிடம் இருப்பதைவிடச் சுமார் 7 மடங்கு என்றது அந்த ஆய்வு. உலகின் பிற இனங்களில் அநேகமாக இல்லாத இது, பாகிஸ்தான், இலங்கை மட்டுமன்றி, மலேசியா, இந்தோனேசியா மக்களின் மாதிரிகளிலும் தென்பட்டது. தெற்காசியாவில் இதைச் சுமப்பவர்கள் 6 கோடி பேர் வரை இருக்கலாம் என்று செய்திகள் எழுதின. மலேசிய இந்தியர் சுமார் 20 லட்சம் பேர் என்று வைத்து அதே விழுக்காட்டைப் போட்டுப் பார்த்தால், இங்கே 80,000 பேர் வருகிறார்கள். இந்தியாவிலேயே வட்டாரத்துக்கு வட்டாரம் விகிதம் மாறுவதால் இதை வெறும் உத்தேசக் கணக்காகவே கொள்ள வேண்டும்.

இவ்வளவு தீங்கான ஒன்று எப்படி இத்தனை தலைமுறைகளாக அழியாமல் பரவியது என்ற கேள்விக்கும் அந்த ஆய்வாளர்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள். விடுபடலின் விளைவாகப் புரதத்தின் கடைசிப் பகுதி தவறாக உருவாகிறது. இளமையில் உடல் அந்தக் கோணல் புரதத்தைச் சிதைத்து அகற்றிவிடுகிறது. வயதாக ஆக அது தேங்குகிறது. பிள்ளை குட்டிகள் பிறந்து வளர்ந்த பிறகே நோய் தலைகாட்டுவதால், மரபணு அடுத்த தலைமுறைக்கு இடையூறின்றிப் போய்விடுகிறது.

கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கணக்கு இடித்தது. 100 பேரில் 4 என்றால் 500 பேரில் 20. தடிப்பு நோயோ 500 பேருக்கு ஒன்று. இந்த விடுபடல் மட்டுமே தடிப்பு நோயைத் தருவதாக இருந்தால் தெற்காசியரிடையே நோய் வெள்ளமாகப் பெருகியிருக்க வேண்டும், அப்படி இல்லை. சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாக வாழ்ந்து முடிக்கிறார்கள். அப்படியானால் நோயாளிகளிடம் அது ஏன் கூடுதலாகத் தென்பட்டது?

இதற்கு விடை தேடியவர்களில் குறிப்பிட வேண்டியவர் சக்திவேல் சடையப்பன். தம் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதியை இந்த ஒரு புரதத்துக்கே செலவிட்டவர். அவர் குழு, அமெரிக்காவில் வாழும் தெற்காசியர் 2,401 பேரை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 6 விழுக்காட்டினரிடம் விடுபடல் இருந்தது. அந்த 6 விழுக்காட்டினருள்ளும் பத்தில் ஒருவர் அளவினரிடம், அதே மரபணுவில் இரண்டாவதாக ஓர் எழுத்து மாற்றமும் சேர்ந்திருந்தது. இதயம் அளவுக்கு மீறி வேகமாகச் சுருங்கும் அறிகுறி அந்த இரண்டும் சேர்ந்தவர்களிடமே தெரிந்தது. 2020இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய மறு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நோயாளிகளில் விடுபடல் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், சிலரிடம் அதனோடு ஒட்டி வரும் மற்றொரு பிழை என்று அது காட்டியது. வழக்கமான பரிசோதனைகள் எட்டிப் பார்க்காத மரபணுவின் உட்பகுதியில் ஒளிந்திருந்த ஒற்றை எழுத்து மாற்றம் அது. அப்பிழை உள்ளவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியதும், விடுபடலுக்கும் தடிப்பு நோய்க்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

கப்பலேறி வந்த நம் முன்னோரின் டிரங்குப் பெட்டியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஒரே பெட்டியில் கட்டி வைத்த பொருள்கள் ஒன்றாகவே ஊர் ஊராகப் போகும். 25 எழுத்து விடுபடல், எளிதில் கண்ணில் படும் பெட்டியின் மேல் சீட்டு. சில பெட்டிகளில் மட்டும் அடியில் நஞ்சு இருந்தது. முதலில் பார்த்தவர்கள் சீட்டைக் கண்டு எச்சரித்தார்கள். அது தவறன்று, அந்தச் சீட்டில்லாமல் யாரும் பெட்டியைத் திறந்திருக்கவே மாட்டார்கள். ஒரு கண்டுபிடிப்பைப் பின்வந்தவர்கள் திருத்தியதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. 2009இன் கட்டுரை, தெற்காசியரின் இதயத்தைத் தனியே ஆராய வேண்டும் என்ற எண்ணத்தையே உலக ஆய்வுக்கூடங்களில் விதைத்தது. விடுபடல் தனித்து நிற்கும்போது, முதுமையில், ரத்த அழுத்தமும் நீரிழிவும் சேர்ந்துகொள்ளும்போது, இதயத்துக்கு அது எவ்வளவு பாரம் என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

தனித்து ஆராய வேண்டியதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. மரபணுப் பரிசோதனையில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது கேடா, வெறும் வேறுபாடா என்று தீர்மானிக்க, நலமாக வாழும் மக்களிடம் அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஒப்பீட்டுத் தொகுப்புகள் நெடுங்காலம் ஐரோப்பிய வழியினராலேயே நிறைந்திருந்தன. 2016இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டியதை இங்கே நினைவுகூர வேண்டும். கறுப்பின மக்களிடம் இயல்பாகவே பரவலாக உள்ள, தீங்கற்ற சில மாற்றங்களைத் தடிப்பு நோய்க்குக் காரணமென்று சொல்லி, பலருக்குத் தவறான முடிவு கொடுக்கப்பட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கறுப்பினத்தார் போதிய எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். நமக்கும் இதே ஆபத்து உண்டு. பொருள் தெளிவாகாத மாற்றம் என்று எழுதப்பட்ட அறிக்கையோடு திரும்பி வரும் தமிழ்க் குடும்பத்துக்கு, அந்தத் தாளால் நிம்மதியும் இல்லை, வழியும் இல்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் செராசிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்களைச் சேர்த்து நடத்தும் நீண்டகால ஆய்வு போன்ற முயற்சிகளில் நம்மவர்கள் தயங்காமல் பெயர் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி மாரடைப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். மலேசிய இந்தியர்களுக்கு உண்மையான மாரடைப்பு அபாயம் அதிகம் என்பதில் ஐயமில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே நம் வீட்டில் யார் திடீரென விழுந்தாலும் அச்சொல் வாயில் தயாராக இருக்கிறது, பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கிறது. அதே காரணத்தால்தான் இதயத்தசை நோய் அதன் நிழலில் மறைந்துகொள்கிறது. 60 வயதுச் சர்க்கரை நோயாளியின் மரணமும், சர்க்கரையோ புகைப்பழக்கமோ இல்லாத 19 வயதுப் பையனின் மரணமும் ஒரே சொல்லால் மூடப்படுகின்றன. தோட்டங்களில் மருத்துவர் பார்க்காமலேயே எழுதப்பட்ட மரணக் காரணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரத்த அழுத்தத்தாலும் இதயச்சுவர் தடிக்கும் என்பதால், உயிரோடிருப்பவர்களிடத்திலும் எக்கோவில் தெரியும் தடிப்பை அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. இளம் வயதில் காரணமற்ற மரணம், ஓடும்போது மயக்கம், குடும்பத்தில் யாருக்கோ பேஸ்மேக்கர் வைத்த நினைவு: இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலும் மருத்துவர் நின்று கேட்க வேண்டும்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவிகள் முதலில் தேவையில்லை. அந்தச் செந்தூல் இளைஞரின் நோயை ஐயுற்றவர், பேட்டை கிளினிக்கில் ஒரு ஸ்டெதாஸ்கோப்போடு இருந்த மருத்துவர். மார்பில் அதை வைத்தபடியே இளைஞரைக் குந்தி உட்காரச் சொன்னார், இதயத்தின் இரைச்சல் தேய்ந்தது. சட்டென்று எழுந்து நிற்கச் சொன்னார், இரைச்சல் உரத்தது. எழுந்து நிற்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, அறை சிறுக்கிறது, தடித்த சுவர் வழியை மேலும் மறிக்கிறது. அதனால் எழும் ஓசை அது. வேறு பல இதய இரைச்சல்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. பிறகு ஈசிஜி, அதன் பிறகு எக்கோ. திரையில் இரண்டு சிறு சிலுவைக் குறிகளுக்கு நடுவே அளந்தபோது சுவர் 21 மில்லிமீட்டர்.

இந்த ஓசையின் காரணமே ஓர் எச்சரிக்கையும் ஆகிறது. உடலில் நீர் வற்றினாலும் அறை சிறுத்து அடைப்பு கூடும். பத்துமலையின் 272 படிகளை, விரதமிருந்து, தண்ணீர் குறைத்து, காவடி சுமந்து, வெயிலில் ஏறுவது அடைப்புள்ள தடிப்பு நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து என்பதைப் பக்தியில் குறைவில்லாத எவரும் புரிந்துகொள்ளலாம். நோய் தெரிந்தவர்கள் தைப்பூசத்துக்கு முன் தங்கள் இதய மருத்துவரிடம் இதை மனம்விட்டுப் பேச வேண்டும்.

சிகிச்சை இன்று நல்ல நிலையில் இருக்கிறது. இதயத்தை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் பழையவை, இன்றும் பயன்படுபவை. தடித்த சுவரைச் செதுக்கி எடுக்கும் அறுவையை வகுத்த அமெரிக்கர் ஆண்ட்ரூ கிளென் மோரோவுக்கே இந்நோய் இருந்தது. அவர் 1982இல் அதனாலேயே இறந்தார். துடிப்பு சிதறும்போது மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் சிறு கருவியைத் தோளருகே பதித்து வைக்கலாம். 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவகாம்டென் என்ற மருந்து, அதிகமாக இழுக்கும் மயோசின் தலைகளையே அடக்குகிறது. பிழை இருக்கும் இடத்தையே குறிவைத்து அமைந்த முதல் மாத்திரை அது. உரிய கவனிப்பில் இருக்கும் நோயாளிகளில் ஆண்டுக்கு 200 பேருக்கு ஒருவர் அளவிலேயே இந்நோயால் இறக்கிறார்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு, 1992 முதல் ஜாலான் துன் ரசாக்கில் இயங்கும், ஐ.ஜே.என். என்று எல்லாரும் சொல்லும் தேசிய இருதயக் கழகம் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

கைக்கெட்டாமல் இருப்பது உறவினரின் சம்மதம். ஒருவருக்கு நோய் தெரிந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை இயல்பாக இருந்தாலும் பதின்ம வயதில் ஓரிரு ஆண்டுக்கொரு முறையும், பெரியவர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொரு முறையும் திரும்பப் பார்க்க வேண்டும். குடும்பத்தின் பிழை இன்னதென்று மரபணுச் சோதனையில் உறுதியாகிவிட்டால், அது இல்லாத உறவினர்கள் இந்தக் காவலிலிருந்தே விடுபடலாம். செந்தூல் குடும்பத்தில் அத்தை ஒருவர் மறுத்துவிட்டார். அவருக்குத் திருமண வயதில் மகள். விஷயம் வெளியே தெரிந்தால் பெண் கேட்டு யார் வருவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம் சமூகம் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. ஆனால் அதே சமூகத்தில்தான் அத்தை மகளையும் அக்காள் மகளையும் உரிமையோடு கட்டும் வழக்கமும் இருக்கிறது. சி-புரத மரபணுவின் இரு பிரதிகளும் முற்றாகப் பழுதடைந்தால் கைக்குழந்தையிலேயே இதயம் செயலிழக்கும் என்பதை, தங்களுக்குள்ளேயே மணம் செய்யும் அமெரிக்க ஆமிஷ் சமூகத்தின் குழந்தைகளிடம் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். மறைப்பதால் பெண்ணுக்கு வரன் கிடைக்கலாம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்த மறைவு எதையும் தடுக்காது.

பாட்டி மட்டும் யோசிக்கவே இல்லை. அன்றைக்கே கட்டிலில் படுத்து, மார்பில் குளிர்ந்த பசையைத் தடவியபோது கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய சுவர் 14 மில்லிமீட்டர். தம் அப்பாவிடமிருந்து வந்ததைத் தாமும் சுமந்திருக்கிறார் என்று மருத்துவர் மெதுவாக விளக்கியபோது, “அப்ப முனி இல்லையா டாக்டர்” என்று கேட்டார். பிறகு அந்தத் தாளைத் தம் பக்கம் இழுத்து, தம்பியின் சதுரத்துக்கு அருகே விரலை வைத்து, அவனுக்கு அடுத்துப் பிறந்த தங்கை ஒருத்தி பினாங்கில் வாழ்க்கைப்பட்டுப் போனாள், அவளுக்கு நான்கு பிள்ளைகள், அவர்களை இன்னும் யாரும் எழுதவில்லையே என்றார்.